நெட் எங்கே நிற்கிறது?

ஹைதராபாத் குஷாய்குடாவில் பெரிய நாற்சந்தி ஒன்றுக்கு இ.சி.ஐ.எல். கிராஸ் ரோட்ஸ் என்று பெயர். 1967-இல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம்தான் 1970களில் டி.டி.சி.-312, டி.டி.சி.-316 ஆகிய கணினிகளை உருவாக்கியது. கணினியே அபூர்வமாக இருந்த காலம் அது. இன்று அதே தெருக்களில், மின்கம்பம் விட்டு மின்கம்பம் தொங்கிவரும் ஃபைபர் கேபிள் வீட்டுக்கு வீடு நுழைகிறது. நெட் நின்றுவிட்டால் வீடே பதறுகிறது.

பதற வேண்டாம். கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி, தெருக் கேபிள், அதற்கப்பால் உலகம்: பாதை இவ்வளவுதான். அருகிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில், அதே வைஃபையில் கைப்பேசிக்கு நெட் வருகிறதா? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வந்தால் கோளாறு பெரும்பாலும் கணினியில்தான்.

வராவிட்டால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைக் கவனியுங்கள். ‘பான்’ விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் ஒளி வருகிறது. ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை. கேபிள் அறுந்திருக்கலாம், மேசைக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியும் இருக்கலாம். மடிப்பை நீக்கிவிடுங்கள். ஆனால் கேபிளைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

விளக்குகள் சரியாக இருந்தால், விண்டோஸ் கணினியின் கமாண்ட் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.

அடுத்தது ‘பிங்’. 1983-இல் அமெரிக்காவின் மைக் மூஸ் எழுதிய சிறிய நிரல் இது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியனுப்பி எதிரொலி கேட்பதுபோல, இது ஒரு சிறு தகவலை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். ‘டீஃபால்ட் கேட்வே’ என்று திரையில் காட்டும் ரவுட்டர் முகவரிக்கு முதலில் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. பிறகு 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அனுப்புங்கள். அங்கிருந்தும் பதில் வந்து, இணையதளம் மட்டும் திறக்கவில்லையா? அப்படியானால் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். எண்ணை 8.8.8.8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நெட் வரவில்லை என்றால் புகார் செய்யுங்கள். அப்போது “நெட் வரல” என்று மட்டும் சொல்லாமல், “எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது” என்றோ, “ரவுட்டர் வரைக்கும் பிங் போகுது, அதுக்கு மேல போகல” என்றோ சொல்லுங்கள். வருகிற ஊழியர் உரிய கருவியோடு வருவார். உங்கள் காத்திருப்பும் குறையும்.