சேமிப்புப் பெட்டியின் இரைச்சல்: எந்த எண் சிறியது?

படங்களையும் கோப்புகளையும் வீட்டில் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் எடுத்துப் பார்க்க உதவும் பெட்டிக்கு ‘நாஸ்’ என்று பெயர். உள்ளே சுழலும் வன்தட்டுகளும் ஒரு விசிறியும் இருக்கும். பெட்டி இரவும் பகலும் ஓடும். ஆகவே அதன் இரைச்சலை முன்கூட்டியே அறிந்து வாங்குவது நல்லது.

எங்கள் வ. புதுப்பட்டியில் திருமணப் படம் எடுக்கும் நண்பர், இரண்டு பெட்டிகளின் குறிப்பேடுகளோடு என்னிடம் வந்தார். ஒன்றில் 2.8 பெல் என்றும் மற்றதில் 20 டெசிபெல் என்றும் இருந்தன. “2.8தானே சிறியது?” என்றார். ஒரு பெல் என்பது 10 டெசிபெல் என்றேன். “அப்படியானால் அது 28, இருபதுதான் சிறியது” என்றார். அதுவும் சரியல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒரே இரைச்சலே!

காரணம் எளிது. மின்விளக்கு மொத்தமாக வெளிவிடும் ஒளி வேறு. நம் புத்தகத்தின் மேல் விழும் ஒளி வேறு. அதுபோலக் கருவி எல்லாத் திசைகளிலும் வெளிவிடும் மொத்த ஒலி ஆற்றலை, நொடிக்கு இவ்வளவு என்று கூறுவது ஒலித்திறன். ஓரிடத்தில் நம் செவியை எட்டுவது ஒலியழுத்தம். திறந்த வெளியில், தரையில் வைத்த கருவிக்கு 1 மீட்டர் தொலைவில் ஒலியழுத்த அளவு, ஒலித்திறன் அளவைவிட 8 டெசிபெல் குறைவாக இருக்கும். 28-இல் 8 போக 20. முதல் குறிப்பேடு ஒலித்திறனையும், இரண்டாவது 1 மீட்டரில் ஒலியழுத்தத்தையும் கூறின.

டெசிபெல் மடக்கை அளவாதலால், அதைச் சாதாரணக் கூட்டலாகக் கூட்டலாகாது. 28 டெசிபெல் தட்டுகள் இரண்டு சேர்ந்தால் 56 அல்ல, 31. நான்கு சேர்ந்தால் 34.

நண்பர் இரண்டு தட்டுகள் கொண்ட பெட்டியை வாங்கிப் படுக்கையறை மரப்பலகையில் வைத்தார். சில நாள் கழித்து அவருடைய தாயார், “ராத்திரி முழுக்க வண்டு ஒண்ணு கிட்ட வந்து வந்து போகுதுய்யா” என்றார். அம்மையார் கேட்டது இயற்பியல் பாடத்தில் வரும் விம்மல்களைத்தான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு, நொடிக்கு 120 முறை அதிரும். இரு தட்டுகளின் வேகம் சிறிது வேறுபட்டாலும் முனகல் கூடிக் கூடிக் குறையும். இசைக்கவையின் காம்பை மேசையில் ஊன்றினால் ஒலி பெருகுவதை மாணவர்கள் அறிவர். இங்கே மரப்பலகையே அந்த மேசை.

குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. பெட்டியின் இரைச்சல் அதற்கு மிகவும் கீழேதான். ஆனால் இராஜபாளையத்து நூற்பாலைக் கூடத்தில் இதே பெட்டியை வைத்தால் யாருக்கும் கேட்காது. மலையடிவாரத்து ஊரின் நள்ளிரவில் மறைப்பதற்கு வேறு ஒலியில்லை. மேலும், மனிதச் செவிக்கேற்பத் திருத்திய ‘டெசிபெல் ஏ’ அளவு, 125 ஹெர்ட்ஸ் அருகே 16 டெசிபெலைக் கழித்தே காட்டும். தாழ்ந்த முனகல் அந்த எண்ணில் முழுமையாகத் தெரிவதில்லை.

இரவில் அணைத்துவிடலாமா என்றார் நண்பர். அவர் எடுக்கும் படங்கள் தாமாக நகலாவதே இரவில்தான். பிறருடைய திருமணப் படங்கள் அழிந்தால் மீண்டும் எடுக்க இயலுமா? ஆகவே பழைய ரப்பர்ச் செருப்பில் நான்கு துண்டுகள் வெட்டிப் பெட்டியின் அடியில் வைத்தோம். முனகல் வெகுவாகத் தணிந்தது. பின்னர் பெட்டியையே முன்னறைக்கு மாற்றினோம். வலையமைப்புக் கம்பி 100 மீட்டர் வரை செல்லுமாதலால் இதில் இடையூறில்லை. பீரோவுக்குள் பூட்டுவது மட்டும் தவறு. வெப்பம் ஏறினால் விசிறி விரைந்து சுழலும். வேகம் இருமடங்கானால் விசிறியின் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும்.

இனி இத்தகைய பெட்டி வாங்குவோர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். இந்த எண் ஒலித்திறனா, ஒலியழுத்தமா? ஒலியழுத்தமெனில் எத்தனை மீட்டரில்? எத்தனை தட்டுகளுடன், அவை வேலை செய்யும்போதா, சும்மா சுழலும்போதா? இம்மூன்றும் ஒத்திருந்தால்தான் இரு எண்களை ஒப்பிடலாம்.