நாமும் நாங்களும்: ஒரு வழக்கறிஞர் நாடகம் உணர்த்தும் இலக்கணம்

ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு 'வீ' என்னும் ஒரு சொல்லே உண்டு. தமிழிலோ கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. அவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. மலாய்மொழியின் 'கித்தா', 'காமி' ஆகியனவும் இவ்வேறுபாட்டையே உணர்த்துவதால், இது நம் மாணவர்க்குப் புதிதன்று. எனினும், மொழிபெயர்ப்பாளர்மீது இது சுமத்தும் பொறுப்பு பெரிது. அதனை ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் வழியே காண்போம்.

2009 முதல் 2016 வரை அமெரிக்காவின் சி.பி.எஸ். அலைவரிசையில் ஏழு பருவங்களாக ஒளிபரப்பான நாடகம் 'த குட் வைஃப்'. கதை நிகழும் களம் சிக்காகோ. நாயகி அலிசியா ஃபிளோரிக், பல்லாண்டு இல்லறத்திற்குப் பின் மீண்டும் வழக்கறிஞராகி, தமக்கு வேலை தந்த நிறுவனத்திலேயே பங்குதாரராகவும் உயர்கிறார். பின்னர், உடன் பணியாற்றும் கேரி ஏகோஸோடும் இளம் வழக்கறிஞர் சிலரோடும் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்க மறைவாகத் திட்டமிடுகிறார்.

அந்நாள்களில் பழைய நிறுவனத்தின் கூட்டத்தில் அமர்ந்து, 'வீ' என்று தொடங்கி அவர் பேசுவதாகக் கொள்வோம். எதிரே இருப்பவர் மூத்த பங்குதாரர் வில் கார்ட்னர். அவர் செவியில் அது 'நாம்'. அலிசியாவின் உள்ளத்திலோ 'நாங்கள்' முளைத்துவிட்டது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் மறைத்துவிடும். தமிழில் 'நாம்' என்றால் அவர் நடிக்கிறார். 'நாங்கள்' என்றால் திட்டமே வெளிப்பட்டுவிடும். எனவே, இங்கு 'நாம்' என்றே மொழிபெயர்த்தல் வேண்டும். பொய்யைப் பொய்யாகவே தருவதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.

2013 அக்டோபரில் ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தின் ஐந்தாம் பகுதியில் திட்டம் வெளிப்படுகிறது. வில் சினந்து அலிசியாவின் மேசைமீதுள்ள பொருள்களைத் தள்ளிவிடுகிறார். அன்றே அவர் வெளியேற்றப்படுகிறார். அதன்பின் இரு தரப்பினரும் தொலைபேசியில் கட்சிக்காரர்களைத் தம்பக்கம் ஈர்க்க முனைகின்றனர். நேற்றுவரை 'நம் கட்சிக்காரர்' என்றிருந்தவர், இன்று இரு தரப்பிலும் 'எங்கள் கட்சிக்காரர்' ஆகிறார்.

அவர் உண்மையில் யாருக்கு உரியவர்? நம் இலக்கணம் ஆறாம் வேற்றுமையின் கிழமைப்பொருளை இரண்டாகப் பகுக்கும். 'முருகனது கை' என்பது தற்கிழமை, உடையவனிடமிருந்து பிரியாதது. 'முருகனது வேல்' என்பது பிறிதின்கிழமை, பிரியக்கூடியது. கட்சிக்காரர் வழக்கறிஞருக்குப் பிறிதின்கிழமையே. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் முன்மாதிரி நடத்தை விதிகளும் இக்கருத்துக்கு இயைந்தனவே. நிறுவனத்தை விட்டு விலகும் வழக்கறிஞர் பின்னர்த் தொழில்புரிவதைத் தடுக்கும் ஒப்பந்தங்களை 5.6ஆம் விதி பொதுவாக ஏற்பதில்லை. தமக்கு வேண்டிய வழக்கறிஞரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கட்சிக்காரருக்கே உண்டு என்பது இதன் அடிப்படை. ஆனால் வேலுக்கு இல்லாத ஓர் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. தாம் எவர் கையில் இருப்பது என்பதை அவரே முடிவுசெய்கிறார்.

ஆகவே ஆசிரியர்கள், மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'வீ' வரும் இடந்தோறும் மூன்று வினாக்களை மாணவரிடம் கேட்கலாம். பேசுபவர் யார்? கேட்பவர் யார்? கேட்பவர் அச்சொல்லுக்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா? மூன்றாம் வினாவுக்கு விடை அகராதியில் கிடைக்காது. கதையை உணர்ந்து படித்த மாணவரே அதனைக் கூற இயலும்.