இழுத்தும் சுழலாத படகு மோட்டார்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கரையேற்றி வைத்த பழைய அவுட்போர்டு மோட்டார், தை மாதம் கயிற்றை இழுத்தால் அசைய மாட்டேன் என்கிறதே, என்ன செய்வது? உங்களில் பலர் கேட்கும் கேள்வி இது.

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர், நகையை அடகு வைத்துப் பழைய மோட்டார் ஒன்று வாங்கினார்கள். ஒரு நாள் அலையில் படகு கவிழ்ந்தது. மறுநாள் கயிறு வரவில்லை. பிளைவீலைச் சுத்தியால் தட்டினார்கள். பிளைவீல் விரிசல் விட்டது, உள்ளே இருந்த காந்தமும் உடைந்தது. சிலிண்டரில் இருந்தது தண்ணீர்தான்! பிளக்கைக் கழற்றியிருந்தால் காசு செலவில்லாமல் முடிந்திருக்கும்.

அதனால் பலத்தைக் காட்டுவதற்கு முன்னால், எங்கே இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். கியரில் இருந்தால் பல மோட்டார்களில் கயிறு வராது. அடுத்து, கயிறு சுற்றியிருக்கும் மேல் மூடியைக் கழற்றி, பிளைவீலைக் கையால் திருப்புங்கள். திரும்பினால் இன்ஜினில் கோளாறு இல்லை. கயிற்றுச் சுருளிலோ ஸ்பிரிங்கிலோதான் சிக்கல்.

திரும்பவில்லையா? பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். காற்று அமுங்கும், தண்ணீரும் பெட்ரோலும் அமுங்காது. உள்ளே நின்றது துளை வழியாக வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

அப்போதும் அசையவில்லை என்றால், அடியில் உள்ள கியர் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். இப்போது பிளைவீல் சுழன்றால் குறை கியர் பெட்டியில். அதன் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கியர் பெட்டி இல்லாமலும் சுழலவில்லை என்றால் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்துக்கொண்டது. இங்கே உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஓடும்போதே நின்றதா, சும்மா கிடந்து இறுகியதா? ஆயில் குறைந்தோ குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமலோ சூட்டில் நின்றிருந்தால், பிஸ்டன் உருகி ஒட்டியிருக்கும். அதை மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

சும்மா கிடந்ததென்றால் பெரும்பாலும் துருதான். அவுட்போர்டில் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். ஆகவே பிளக் துளை மேலே பார்க்கும்படி மோட்டாரைக் கிடத்தி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஊற்றுங்கள். ஒரு நாள் ஊறட்டும். பிறகு பிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, கடிகார முள் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். அசையவில்லையா? இன்னும் இரண்டு நாள் ஊறவிடுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.

சுழன்றுவிட்டால் உடனே கடலுக்கு ஓடாதீர்கள். ஊற்றிய எண்ணெயைக் கயிற்றை இழுத்து வெளியேற்றி, புதுப் பிளக் போட்டு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் கருகிவிடும். பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். பெட்ரோலில் ஆயில் கலப்பது உங்கள் மோட்டார் கையேடு சொல்லும் அளவில் இருக்கட்டும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

அடுத்த மழைக்காலத்தில் கரையேற்றும் முன்பு நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். கார்புரேட்டரை வற்றவிடுங்கள். பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை நாலு தரம் இழுத்து மூடி வையுங்கள். அரை மணி நேர வேலை. நகை வீட்டிலேயே இருக்கும்.