உருமி வீரனுக்கு என்ன விலை?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டுக்கு 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பு வந்தது. அதில் 'திராவிடர்' என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனை வைத்து ஒரு கதைத்தொடர். கீரப்பாளையத்திலிருந்து வீராணம் ஏரியைத் தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். அந்த ராஜா திரையில் வந்தா கை சும்மா இருக்குமா? அக்கா பையனும் நானும் மாறி மாறி ஆடினோம். அவன் எப்பவும் உருமி வீரர்களைத்தான் குவிப்பான். "மாமா, இது நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு" என்பான். தோற்பதும் பெரும்பாலும் அவன்தான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் 2022-ல் இருந்தவை; பிந்தைய மேம்படுத்தல்களில் மாறியிருக்கலாம்.

நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இந்தப் படை எவ்வளவு பலம்?" கேட்க வேண்டியது, "இதுக்குப் பதிலா வேற எதைச் செஞ்சிருக்கலாம்?"

உருமி வீரன் கோட்டையில்தான் உருவாவான். ஒரு கோட்டைக்கு 650 கல். சாதாரண வாள்வீரன் பாரக்ஸில் கிடைப்பான். அதற்கு 175 மரம் போதும். திராவிடருக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். மூன்று முறை ஏறினால் 600, அதாவது மூன்று பாரக்ஸ் சும்மா வந்த மாதிரி. பாரக்ஸ் ஆராய்ச்சிகளும் இவர்களுக்குப் பாதி விலை. ஆக, நம்ம நாகரிகத்தின் சலுகைகளே சாதாரண வாள்வீரனை மலிவாக்கி, உருமிக்குப் போட்டியாக நிறுத்துகின்றன.

அப்போ உருமி வீணா? இல்லை. அவனுடைய முதல் வீச்சு பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்து அடிக்கும். பிறகு அந்த வேகம் மெல்ல மெல்லத்தான் திரும்பும். எதிரி நெருக்கமாக நின்றால் லாபம். ஒவ்வொருவராகத் துரத்தினால் நஷ்டம். பையன் துரத்தித்தான் தோற்றான்.

இன்னொரு சிறப்பு, வூட்ஸ் ஸ்டீல். தென்னிந்திய உருக்கின் பெயரில் வந்த ஆராய்ச்சி. இது இருந்தால் காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாது. முழுதாக மேம்பட்ட சாம்பியனின் தாக்குதல் 17. எதிரே பாலடின்: உயிர் 180, கவசம் 5. சாதாரணமாக அடிக்கு 12 குறையும், வீழ்த்த 15 அடி. வூட்ஸ் இருந்தால் 17 குறையும், 11 அடி போதும். பெரிய வித்தியாசம்.

அதே சாம்பியன் ஆர்பலஸ்டர் வில்லாளியை அடித்தால்? உயிர் 40, கவசம் 3. வூட்ஸ் இல்லாமல் அடிக்கு 14, மூன்று அடி. வூட்ஸோடு அடிக்கு 17, அப்பவும் மூன்று அடி. கொட்டின செலவுக்கு அங்கே பலன் பூஜ்யம்.

திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலுக்கும் இதே தராசுதான். தீவு வரைபடத்தில் அது சொத்து. தண்ணீரே இல்லாத வரைபடத்தில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று.

ஆக, ஒரு சிறப்புப் படையின் மதிப்பு அதன் அட்டையில் எழுதியிருக்காது. எதிரே யார், எந்த நிலம், கையில் வேறென்ன இருக்கு என்ற மூன்றையும் வைத்துத்தான் அது முடிவாகும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த ஆட்டத்தில் வாள்வீரர்களை முன்னால் அனுப்பி, என் ஆட்களை ஒரு சந்தில் நெருக்கி நிறுத்தினான். அதன்பிறகுதான் உருமிகள் வந்தார்கள். தோற்றது நான்.