இரண்டு கண், இரண்டு மோட்டார்

வீட்டில் ரோபோ செய்ய ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ஆர்டுயினோ போர்டைத்தான். நல்ல போர்டு; ஆனால் முதல் ரோபோவுக்கு அது வேண்டாம் என்பேன். யாரோ எழுதிய நிரலை இறக்கி, வண்டி ஓடியதும் கைதட்டிவிட்டு, அது ஏன் ஓடியது என்று தெரியாமலே பரணில் போட்டுவிடும் பிள்ளைகள் நிறைய. நிரலே இல்லாமல் வெளிச்சத்தைத் தேடிப் போகும் வண்டி ஒன்றைச் செய்யலாம்.

இதற்கு முன்னோடிகள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தன. மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த கிரே வால்டர், 1948-49இல் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டே வெற்றிடக் குழாய் வால்வுகள், ஒரு ஃபோட்டோசெல், முட்டினால் உணரும் ஒரு சுவிட்ச், இரண்டு மோட்டார்கள். அவ்வளவை வைத்தே அவை விளக்கைத் தேடிப் போயின. வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குக் கூடினால் விலகின. தடையில் முட்டினால் சுற்றிக்கொண்டு நகர்ந்தன. வாலன்டினோ பிரைட்டன்பெர்க் 1984இல் எழுதிய ‘வெஹிக்கிள்ஸ்’ நூல் இதை இன்னும் சுருக்கியது: இரண்டு கண், இரண்டு சக்கரம், நடுவே ஒயர்.

நாம் செய்யப்போவதும் அதுதான். மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார், சக்கரம், எல்.டி.ஆர். எனும் ஒளியுணரி, டிஐபி122 டிரான்சிஸ்டர், 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1என்4007 டயோடு எல்லாம் இரண்டிரண்டு. பென்சில் செல் நான்கு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடையில் வாங்கிவிடலாம். உடலுக்குப் பழைய பிளாஸ்டிக் டப்பா மூடி போதும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் இணைப்பு இப்படி: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து எல்.டி.ஆர்., அதையடுத்து ரெசிஸ்டர், பிறகு டிரான்சிஸ்டரின் பேஸ். பேஸுக்கும் நெகட்டிவுக்கும் இடையே பிரீசெட். மோட்டாரைப் பாசிட்டிவுக்கும் கலெக்டருக்கும் நடுவில் கொடுத்து, எமிட்டரை நெகட்டிவில் சேருங்கள். மோட்டாருக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆரின் மின்தடை சரசரவென்று இறங்கும், பேஸுக்கு மின்சாரம் போகும், மோட்டார் சுழலும்.

இனிதான் சூட்சுமம். எல்.டி.ஆர்.தான் வண்டியின் கண். இடது கண்ணை வலது மோட்டாருக்கும், வலது கண்ணை இடது மோட்டாருக்கும் கொடுங்கள். விளக்கு இடப்பக்கம் இருந்தால் வலது சக்கரம் வேகமெடுக்கும். வண்டி இடப்பக்கம் திரும்பி விளக்கை நோக்கி ஓடும். கண்களை மாற்றாமல் அந்தந்தப் பக்கத்து மோட்டாருக்கே கொடுத்தால் வெளிச்சத்தைக் கண்டு விலகி ஓடும். பார்ப்பவர்கள் முன்னதைக் கோபம் என்பார்கள், பின்னதைப் பயம் என்பார்கள். உள்ளே மாறியதோ இரண்டு ஒயர்!

ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். கண்களைக் கழற்றிவிட்டு, இரண்டு மோட்டாருக்கும் நேராக பேட்டரியைக் கொடுங்கள். வண்டி பெரும்பாலும் ஒரு பக்கமாக வளைந்தே போகும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழல்வது அபூர்வம். கண்களைத் திரும்ப மாட்டினால் அதே மோட்டார்கள் வண்டியை விளக்கிடம் கொண்டுசேர்க்கும். வலப்பக்கம் விலகியதுமே இடது கண்ணில் வெளிச்சம் கூடி, வலது சக்கரம் அதைத் திருத்திவிடுகிறது. அசைவு பார்வையை மாற்றுகிறது, பார்வை அசைவை மாற்றுகிறது. பின்னூட்டம் என்பது இதுதான். இது இல்லாவிட்டால் நம் கையில் இருப்பது வெறும் பொம்மைக் கார்.

ஓடாவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டி பேட்டரி மோட்டாருக்கு ஒத்துவராது. அதன் உள்தடை அதிகம், சுமை ஏறியதும் துவண்டுவிடும். எல்.டி.ஆரைச் சுற்றிக் கறுப்புக் காகிதக் குழல் செருகி, இரண்டையும் சற்று வெளிப்பக்கமாகத் திருப்பிவையுங்கள்; இல்லாவிட்டால் இரு கண்ணுக்கும் ஒரே வெளிச்சம்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, மோட்டார் சுழலவா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் பிரீசெட்டை நிறுத்திவிட்டு, டார்ச்சைக் காட்டுங்கள்.

இந்த வண்டிக்குப் பின்னால் போகத் தெரியாது. சுவரில் முட்டினால் அங்கேயே நின்று உறுமும். மோட்டாரைத் திருப்பிச் சுழற்ற எல்293டி போன்ற சிப் வேண்டும். எப்போது திருப்புவது, எவ்வளவு நேரம் திருப்புவது என்று முடிவுசெய்யும் கட்டத்தில் நிரல் எழுதிப் பழகலாம்.