வாய்தாவா, சமரசமா?

இந்து திருமணச் சட்டம், 1955-இன் கீழ் வரும் திருமணத்தை, வழக்காறு இடம்தரும் சில சமூகங்கள் நீங்கலாக, நீதிமன்றத் தீர்ப்பாணைதான் முறிக்கும். சமரச மையத்தில் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கோ, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதற்கோ அந்த வலு கிடையாது. எந்த வழியில் போனாலும் கோர்ட் படி ஏறியாக வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, நகை, வீடு ஆகியவற்றின் நிபந்தனைகளைத் தம்பதியே எழுதுவதா, நீதிபதியிடம் விடுவதா என்பதுதான் உண்மையில் எடுக்கவேண்டிய முடிவு.

1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், இணக்கமான தீர்வுக்கு முதலில் முயலும் கடமையை நீதிபதிக்கு விதிக்கிறது. மண வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-இல்.

சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் சேர்த்து உட்காரவைத்தும் தனித்தனியே அழைத்தும் பேசுவார். அங்கே பேசியது வெளியே போகாது; பேச்சு முறிந்தால் ‘சமரசம் ஏற்படவில்லை’ என்ற ஒரு வரிதான் நீதிபதிக்குப் போகும். பத்து லட்சம் தரத் தயார் என்று கணவர் அங்கே சொன்னதைப் பிறகு மனைவியின் வழக்கறிஞர் ஆதாரமாக்க முடியாது. பொங்கலுக்குக் குழந்தை யாரிடம், சீர்ப் பாத்திரங்களை எந்தத் தேதியில் எடுத்துச் செல்வது என்பதுவரை இங்கே எழுதிக்கொள்ளலாம். தீர்ப்பு இவ்வளவு நுணுக்கத்துக்குள் இறங்குவது அரிது.

உடன்பாடு எட்டியபின் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மனு. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப்பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்; தக்க சூழலில் இதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிக்கலும் இந்த இடைவெளியில்தான். தீர்ப்பாணை வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் அனுபவப்பட்ட வழக்கறிஞர்கள் பணத்தை ஒரே தவணையில் கைமாற விடுவதில்லை. கடைசித் தவணை டி.டி.யை இறுதி விசாரணை நாளுக்கென்று நிறுத்திவைப்பார்கள். இன்னொன்று: வரதட்சணைக் கொடுமைப் புகார், மனைவி ‘வாபஸ்’ என்றதும் தமிழ்நாட்டில் தானாக முடியாது. அதை ரத்துசெய்ய உயர் நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும்.

ஒரு தரப்பு மறுத்தால் வழக்குதான். கொடுமையையோ, இரண்டாண்டுக்குக் குறையாத கைவிடலையோ சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் போகும். ஆனால் வருமானத்தை மறைப்பவரிடம் சமரசர் கேட்டுத்தான் பார்க்க முடியும், கட்டாயப்படுத்த முடியாது. ஜீவனாம்ச வழக்கிலோ இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். அடி உதை இருந்த வீட்டில் முதலில் தேவை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒரு பாதுகாப்பு ஆணை. பயந்தவர் மேசையில் கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதமென்று கொள்வது கடினம். வழக்குப் போட்டு இடைக்கால ஆணை பெற்று, அதன்பின் சமரசத்துக்கு உட்காரவும் தடையில்லை.

குடும்பநல நீதிமன்றம் இரு தரப்புச் சம்மதத்தோடு வழங்கும் தீர்ப்பாணைமீது மேல்முறையீடு இல்லை. போராடிப் பெற்றதன்மீது உண்டு. அதற்கான காலம் முடியும்வரை மறுமணத்துக்கும் காத்திருக்க வேண்டும்.