அம்மாவுக்குக் குதிரை பிடிக்கும்

தோட்டத்து அம்மாக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே சில சொற்களைத் தேடிப் போய்விடும். உழைப்பு, தியாகம், கண்ணீர், கொழுந்துக் கூடை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மாக்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. என் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் குதிரை பிடிக்கும்.

கேமரன் மலைத் தேயிலைக் காட்டுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைக்கு வந்தபோது இங்கே இருந்தது அடர்ந்த காடு. 1929-ல் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் செங்குத்தான காட்டைத் தோட்டமாக்கக் கைகொடுத்தவை தொழிலாளிகளின் உழைப்பு, சில கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி ரோடு உருளை. 1933-ல் பாரத் தேயிலைத் தோட்டமும் வந்தது. அந்தத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் நம் ஆட்கள். அவர்களின் பெயர்களே எங்கும் பதிவாகவில்லை. கோவேறு கழுதைகளை யார் நினைவில் வைப்பார்கள்?

என் அம்மா வைத்திருந்தார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிறுவயதில் கப்பலேறி வந்தவர். மலையில் பாரம் சுமக்கும் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. லாரி வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. சண்டை முடிந்த காலத்தில் ஒரே ஒரு கிழட்டு விலங்கு மட்டும் லயத்துக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்ததாம். 1941-ல் பிறந்த அம்மா, ஆறு வயதுவரை அதன் கூடவேதான் திரிந்திருக்கிறார். யாராவது அதைக் கழுதை என்று சொன்னால் சண்டைக்குப் போவாராம். "கழுதைன்னு சொல்லாதே, அதோட அம்மா குதிரை" என்று எழுபது வயதிலும் எங்களைத் திருத்தியிருக்கிறார்.

பதினான்கு வயதில் அம்மா பெரட்டுக்குப் போனார். விடிவதற்கு முன் எழுந்து, எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலை ஏறுவார். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக் கிள்ளி அவருடைய விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. நாற்பது வருடம் அந்த வேலை பார்த்தார். அந்த விரல்கள் வேறொன்றும் செய்யும். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண்ணைப் பிசைந்து எங்களுக்குக் குதிரை பிடித்துக் கொடுப்பார். பொம்மை வாங்கக் காசில்லாததால் செய்கிறார் என்று நினைத்தோம். பிறகு பேரப்பிள்ளைகள் வந்தார்கள், வீட்டில் பொம்மை நிறைய இருந்தது. அப்போதும் பாட்டி குதிரை பிடித்தார்.

எங்கள் லயத்து ஆண்களுக்குக் குதிரை என்றால் பந்தயக் குதிரைதான். கீழே பட்டணத்தில் பந்தயம் நடக்கும் வாரங்களில் அப்பாவின் சம்பளம் சில சமயம் வீட்டுக்கு வராது. அந்த இரவுகளில் மீகூன் கூட இல்லாமல் வெறும் தேநீர் குடித்துப் படுத்திருக்கிறோம். ஒருநாள் கோபத்தில் நான், "இன்னுமா உனக்குக் குதிரை பிடிக்குது?" என்று கேட்டுவிட்டேன். "பணத்தைக் கட்டித் தோத்தது உங்கப்பா. ஓடுன குதிரை என்னய்யா பண்ணும்?" என்றார் அம்மா. அவர் அப்பாவிடம் கடுமையாகச் சண்டை போட்டார், சம்பள நாளில் ஆபீஸ் வாசலிலேயே போய் நின்றார். ஆனால் தனக்குப் பிடித்த ஒன்றை அந்தக் கஷ்டத்துக்குப் பலி கொடுக்கவில்லை.

நான் வேலைக்குப் போன பிறகு படித்ததையெல்லாம் அவருக்குச் சொல்வேன். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது என்றேன். "அப்போ அதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததுதான்" என்று சிரித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வாங்கிய குதிரைகள் இங்கே பராமரிப்புத் தெரியாமல் செத்துப்போயின என்றும், சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கொள்ளை விட்டுட்டுக் கறியைப் போட்டா எப்படிப் பிழைக்கும்?"

2009-ல் அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். தாத்தாவின் ஊரில் சொந்தம் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. பக்கத்தில் குளமங்கலம் அய்யனார் கோயிலுக்குப் போனோம். அங்கே முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலை நிற்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் அதற்குக் காகிதப்பூ மாலைகளை மலைபோல் சாத்துகிறார்கள். அம்மா அதைச் சுற்றிவந்து, அதன் காலடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா இதைப் பார்த்துட்டுத்தான் கப்பலேறியிருப்பாரு" என்றார். அது சரியா என்று நான் ஆராயவில்லை.

திரும்பும்போது சென்னையில் மெரினாவுக்குப் போனோம். கடலை எல்லோரும் பார்த்தோம், அம்மா சவாரிக் குதிரையைப் பார்த்தார். ஏறிக்கொள்ளுங்கள் என்று பேரப்பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் ஏறவில்லை. குதிரையின் கழுத்தில் கை வைத்து, சேணத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இங்க உரசிப் புண்ணாயிருக்கு. ரெண்டு நாளைக்குச் சேணம் கட்டாதே, ஆறட்டும்" என்றார். அந்தப் பையன், "நீங்க எந்த ஊர் ஆத்தா, குதிரை வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டான். "எங்கப்பா வெச்சிருந்தாரு" என்று சொன்னபோது அம்மாவின் முகத்தில் நான் பார்த்த பெருமையை, நான் பட்டம் வாங்கிய நாளில்கூடப் பார்த்ததில்லை.

அம்மா 2016-ல் காலமானார். இப்போது அந்த மலைச்சரிவுகளில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறார்கள். சுற்றுலா வருபவர்கள் பச்சைச் சரிவின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். நம் பாட்டிமார் அங்கே உழைத்தார்கள் என்பதையாவது அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவிடலாம். அவர்கள் எதை ரசித்தார்கள் என்பது அவர்களோடு போய்விடும், நாம் கேட்டு வைக்காவிட்டால்.

உங்கள் அம்மாவோ பாட்டியோ இன்னும் இருக்கிறார்களா? அடுத்த முறை போன் பேசும்போது, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "பத்து வயசுல உனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?" முதலில், "அதெல்லாம் என்னத்துக்கு இப்போ" என்பார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் காத்திருங்கள். சொல்ல ஆரம்பிப்பார்கள்.